அறுப்பு வரைக்கும்

போன வாரம் உதவி வேளாண்மை அலுவலர் போன் செய்தார். "அம்மா, இந்த வருஷமும் காலேஜ் பிள்ளைகள் வருகிறார்கள். உங்கள் வயலில் இரண்டு பேரைப் போடலாமா?" என்றார். தாராளமாகப் போடுங்கள் சார் என்றேன். போனை வைக்கும் முன் ஒன்று கேட்டேன். "அறுப்பு வரைக்கும் இருப்பார்களா?"

"அது காலேஜ் கணக்கும்மா. பத்து வாரம்தான்" என்றார்.

போன தடவையும் இதே பத்து வாரம்தான். அப்போது மனதில் விழுந்ததை இன்னும் யாரிடமும் முழுதாகச் சொல்லவில்லை.

பி.எஸ்சி. அக்ரி கடைசி வருடம் படிக்கிறவர்கள் கிராமத்தில் தங்கி, விவசாயிகளோடு சேர்ந்து வேலை கற்க வேண்டும். அது அவர்கள் படிப்பிலேயே ஒரு பகுதி. ஊரக வேளாண் பணி அனுபவத் திட்டம் என்று காகிதத்தில் பெயர்; எங்கள் பக்கம் கிராமத் தங்கல் என்போம். மாவட்டச் செய்திப் பக்கத்தில் படம் பார்த்திருப்பீர்கள். மாணவிகள் வரிசையாக நிற்பார்கள், நடுவில் ஒரு விவசாயி, பின்னால் ஒரு பேனர். 2015 ஜூலை 25ஆம் தேதி பாட்னாவில் பிரதமர் தொடங்கிவைத்த ஸ்டூடண்ட் ரெடி திட்டத்துக்குள் இதுவும் ஒன்றாக இருக்கிறது. மாணவர்களுக்கு மாதம் 3,000 ரூபாய் உதவித்தொகை என்றும் அதில் வைத்திருக்கிறார்கள்.

என்னைப் பற்றிக் கொஞ்சம். எனக்கு 54 வயது. சொந்தமாக 9 மா, கோயில் நிலம் குத்தகைக்கு 6 மா, ஏக்கர் கணக்கில் எல்லாம் சேர்த்து ஐந்து. வெண்ணாறு மூன்றாகப் பிரிகிற மூணாறு தலைப்புக்குக் கிழக்கே, வெண்ணாற்றுப் பாசனம். மன்னார்குடியில் பி.ஏ. வரலாறு படித்தேன். கணவர் போய் 11 வருடம் ஆகிறது. அதுவரை வரப்பு வரைக்கும்தான் எனக்கு வயல் தெரியும். அப்புறம் இறங்கினேன், இன்னும் கரையேறவில்லை.

2024 எங்களுக்கு மோசமான வருடம். வழக்கமாக மேட்டூர் திறக்கிற ஜூன் 12 வந்து போனது, அணை திறக்கவில்லை. ஜூலை 28ஆம் தேதிதான் திறந்தார்கள். போர்வெல் வைத்திருப்பவர்கள் குறுவை நெல் போட்டார்கள். ஆற்றுத் தண்ணீரை மட்டும் நம்பியிருக்கிற என்னைப் போன்றவர்களுக்கு ஒரு போகம் அப்படியே போய்விட்டது. ஆகஸ்ட் மூன்றாம் வாரம் சம்பாவுக்கு நாற்றங்கால் விட்டேன். சி.ஆர். 1009 சப் 1 என்ற ரகம். பழைய சி.ஆர். 1009ஐ இங்கே பொன்மணி என்பார்கள். அதிலேயே வெள்ளம் தாங்குகிற குணத்தைச் சேர்த்து எடுத்தது இது. 155 நாள் பயிர். தாழ்வான வயல் எனக்கு, அதனால் இதை விட்டு வேறு ரகத்துக்குப் போக எனக்குத் துணிச்சல் இல்லை.

செப்டம்பர் கடைசியில், நடவு நடந்துகொண்டிருந்த ஒரு காலையில் அந்தப் பெண் வந்து வரப்பில் நின்றாள். எட்டு மாணவிகள் நீடாமங்கலத்தில் ஒரு வீடு எடுத்துத் தங்கியிருந்தார்கள். ஆளுக்கு ஒரு விவசாயி என்று பிரித்துக் கொடுத்ததில் எனக்கு வந்தவள் பல்லடம் பக்கத்துப் பெண். பெயரை இங்கே எழுதவில்லை. அங்கேயும் பாப்பா என்றுதான் கூப்பிட்டேன்.

முதல் நாள் அவள் கேட்ட கேள்வி இன்னும் காதில் இருக்கிறது. "ஏனுங்கம்மா, இத்தனை தண்ணிக்கு மோட்டாரை எங்க வெச்சிருக்கீங்க?"

அவள் ஊரில் தண்ணீர் என்றால் போர்க் குழாயிலிருந்து வருவது. ஆயிரம் அடிக்குக் கீழே போயும் கிடைக்காமல் மூடிய குழிகள் அவர்கள் தோட்டத்திலேயே மூன்று இருந்தனவாம். நான் வாய்க்காலைக் காட்டினேன். வாய்க்கால் கரையிலேயே நடந்து மதகு வரை போனோம். அதற்கும் மேலே எங்கிருந்து வருகிறது என்றாள். சரி என்று மறுநாள் பஸ் ஏறி மூணாறு தலைப்புக்கே கூட்டிப்போனேன். வெண்ணாறு வந்து நின்று, கோரையாறு ஒரு பக்கம், பாமணியாறு ஒரு பக்கம் என்று பிரித்துக் கொடுத்துவிட்டுத் தானும் தொடர்ந்து போகிற இடம். ஷட்டர்களை ஒவ்வொன்றாக எண்ணிப் படம் எடுத்தாள். மேட்டூரிலிருந்து கல்லணை, கல்லணையிலிருந்து வெண்ணாறு, அங்கிருந்து வாய்க்கால், கன்னி வாய்க்கால், என் மடை என்று பஸ்ஸில் திரும்பி வரும்போதே நோட்டில் வரைந்தாள். என் வயல் அந்தப் படத்தின் கடைக்கோடியில் ஒரு சிறு கட்டமாக இருந்தது. கடைமடை என்றால் என்னவென்று நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை.

இரண்டாம் வாரம் ஒன்று நடந்தது. குடும்ப விவரப் படிவத்தை எடுத்துவந்து நிரப்ப ஆரம்பித்தாள். விவசாயி பெயர் என்ற இடத்தில், பட்டாவைப் பார்த்து என் கணவர் பெயரை எழுதினாள். பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'காலமானார்' என்று போட்டாள். என் பெயரை 'மனைவி' என்ற வரிசையில் எழுதினாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. பட்டா இன்னும் மாற்றவில்லை, அது என் தவறும்தான். ஆனால் மறுநாள் காலையில் அவளே புதுப் படிவம் ஒன்று கொண்டுவந்தாள். முதல் வரியில் என் பெயர். "நேத்து நைட்டு தூக்கம் வரலீங்கம்மா" என்றாள். 11 வருடத்தில் ஒரு காகிதத்தில் விவசாயி என்ற இடத்துக்கு நேரே என் பெயரை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அவர்கள் கொண்டுவருகிற படிப்பை நான் லேசாகப் பேசமாட்டேன். இலை வண்ண அட்டை என்று ஒன்று அவள் பையில் இருந்தது. வெளிர் பச்சையிலிருந்து கரும்பச்சை வரை பட்டை பட்டையாக ஒரு பிளாஸ்டிக் அட்டை. நட்டு 14 நாள் கழித்து ஆரம்பிக்க வேண்டும். காலை 8 மணிக்கும் 10 மணிக்கும் நடுவில், பத்து நாற்றுக் குத்தில், மேலே முழுதாக விரிந்த இலையை அட்டையோடு வைத்துப் பார்க்க வேண்டும். வெயில் நேராக விழாமல் நம் நிழலை அதன்மேல் விழவிட வேண்டும். பத்தில் ஆறு இலையாவது வெளிறியிருந்தால்தான் யூரியா. நான் தேதி பார்த்து யூரியா போடுகிறவள்; பக்கத்து வயலில் போட்டால் எனக்கும் கை பரபரக்கும். அந்த ஐப்பசியில் ஒரு தடவை போட இருந்ததை அட்டை வேண்டாம் என்றது. போடவில்லை. பயிர் அப்படியே கருகருவென்று நின்றது. இலைச் சுருட்டுப் புழுவும் அந்த வருடம் பக்கத்து வயல் அளவுக்கு என் வயலில் இல்லை. அந்த அட்டை இப்போதும் என் அடுக்களையில் மாதக் காலண்டருக்குப் பின்னால் செருகியிருக்கிறது.

அதே சமயம் அவள் இங்கே கற்றதும் இருக்கிறது. எலி. சம்பா வயலில் எலி வெட்டினால் தண்டு சாய்வாகத் துண்டாகிக் கிடக்கும். எங்கள் பக்கத்தில் கிட்டி வைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மூங்கிலை வில்லாக வளைத்துக் கட்டிய பொறி; தஞ்சாவூர் கிட்டி என்று புத்தகத்திலும் இருக்கிறது என்று அவளே சொன்னாள். கிட்டிக்காரர் ஒருவர் சாயங்காலம் வந்து வயலைச் சுற்றிப் பார்ப்பார். எந்தக் குத்துக்கு நடுவில் எலி போய்வருகிறது என்பது அவர் கண்ணுக்கு மட்டும் தெரியும். அந்த வழியில் கிட்டியை ஊன்றிவிட்டுப் போவார். விடியற்காலை எடுப்பார். எத்தனை எலியோ அத்தனைக்குக் காசு. பாப்பா மூன்று சாயங்காலம் அவர் பின்னாலேயே சேற்றில் நடந்தாள். முதல் நாள் ஒரு தடமும் அவளுக்குத் தெரியவில்லை. மூன்றாம் நாள் அவள் கை காட்டிய இரண்டு இடத்தில் அவர் கிட்டி வைத்தார். மறுநாள் காலை ஒன்றில் எலி இருந்தது. அவள் ஓடிவந்து என்னிடம் சொன்ன வேகத்தைப் பார்க்க வேண்டுமே!

அன்று மாலை நோட்டு எழுத உட்கார்ந்தவள் பேனாவை வைத்துவிட்டு யோசித்தாள். மாணவர் அளித்த தொழில்நுட்பம் என்று ஒரு கட்டம் இருந்தது. கலந்துகொண்ட விவசாயிகள் எண்ணிக்கைக்கு ஒரு கட்டம் இருந்தது. விவசாயியிடம் கற்றது என்று ஒரு கட்டம் இல்லை. கிட்டிக்காரரை எங்கே எழுதுவது? கடைசியில் பின்னட்டையின் உள்பக்கத்தில் எழுதிவைத்தாள்.

நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தது. கரை கடந்தது என்னவோ புதுச்சேரி பக்கம், நவம்பர் 30ஆம் தேதி. ஆனால் அதற்கு நாலைந்து நாள் முன்னாலேயே டெல்டாவில் கொட்டித் தீர்த்துவிட்டது. என் 15 மாவில் 10 மா முழுகிப்போனது. வரப்பும் தெரியவில்லை, வாய்க்காலும் தெரியவில்லை. மழை விட்ட காலையில் நீடாமங்கலத்திலிருந்து வந்தவள், செருப்பைக் கழற்றி என் திண்ணையில் வைத்துவிட்டு மண்வெட்டியை எடுத்தாள். வடிகாலில் ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டு நின்றது. நாங்கள் ஏழெட்டுப் பேர் இடுப்புத் தண்ணீரில் இறங்கி அதை இழுத்துப் போட்டோம். இரண்டாவது நாள் சாயங்காலம்தான் பயிரின் நுனி தெரிந்தது. அவள் அழுதாள். நான் அழவில்லை, எனக்குப் பழக்கம்.

தண்ணீர் வடிந்ததும் என்ன போடுவது என்று ஊரில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். அவள் தன் பேராசிரியரிடம் போனில் கேட்டு எழுதிக்கொண்டு வந்தாள். ஏக்கருக்கு 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம்புண்ணாக்கு, மூன்றையும் கலந்து ஒரு இரவு வைத்திருந்து, மறுநாள் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்து இட வேண்டும். கொட்டகையில் சாக்கை விரித்து நாங்கள் இருவருமே கலந்தோம். அப்படிச் செய்த வயல் பிழைத்தது. ரகம் பிழைத்ததா, உரம் பிழைக்க வைத்ததா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது. இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

டிசம்பர் முதல் வாரம் அவர்கள் போய்விட்டார்கள். பத்து வாரம் முடிந்தது. பயிர் அப்போது தொண்டைக் கதிர்கூட வரவில்லை; அதாவது தண்டுக்குள் கதிர் உருண்டு நிற்கிற பருவத்தைக்கூடத் தொடவில்லை.

போவதற்கு முன் அவள் எனக்கு ஒரு கணக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். உழவு, நாற்று, நடவு, களை, உரம், மருந்து என்று அதுவரை ஆன செலவெல்லாம் ஏக்கருக்கு இவ்வளவு என்று பிரித்திருந்தாள். நடுவில் என்னிடம், "உங்க கூலி எவ்வளவுங்கம்மா போடறது?" என்றாள். எனக்கு ஏது கூலி என்றேன். நெல்லுக்கு ஆதரவு விலை வைக்கும்போது குடும்பத்தார் உழைப்பையும் செலவில் சேர்த்துத்தான் மத்திய அரசு கணக்குப் பார்க்கிறது, நீங்கள் ஏன் சேர்க்கக்கூடாது என்று கேட்டாள். நான் வயலில் இறங்கிய நாளையெல்லாம் எண்ணச் சொன்னாள். மீதிப் பருவத்துக்கும் நானே குறித்துக்கொண்டு வந்தேன். 74 நாள். நடவாளுக்குக் கொடுக்கிற கூலியையே எனக்கும் போட்டுப் பார்த்தால், லாபம் என்று இத்தனை வருடம் நான் நினைத்திருந்ததில் பெரும்பங்கு என் கூலிதான்.

ஆனால் அந்தக் கணக்கு பாதிக் கணக்கு. வரவுப் பக்கம் காலியாக இருந்தது. அதை நிரப்புகிற நாளில் அவள் இங்கே இல்லை. எனக்கு உறுத்தியது அதுதான்.

பொங்கலுக்கு வாழ்த்துச் சொல்லப் போன் செய்தபோது, எப்போது அறுக்கிறீர்கள் என்று கேட்டாள். ஜனவரி 18, 19 தேதிகளில் மறுபடியும் மழை பெய்து, அறுக்கிற நேரத்தில் பயிரைச் சாய்த்துவிட்டது. அந்த மாதக் கடைசியில்தான் அறுப்பு வண்டி இறக்க முடிந்தது. குடியரசு தினம் ஞாயிற்றுக்கிழமை வந்ததா, அவள் சனிக்கிழமை ராத்திரி பஸ்ஸில் ஏறிவிட்டாள். தன் காசில் வந்தாள். கல்லூரி நோட்டில் இது எங்கேயும் ஏறாது.

வயல் ஈரமாக இருந்ததால் செயின் வண்டிதான் இறங்கும். டயர் வண்டியை விட மணிக்கு வாடகை கூட. சாய்ந்த பயிரை அறுக்க நேரமும் கூட. வண்டி ஓடுகிற ஒவ்வொரு நிமிடமும் பணம் என்று அவளுக்கு அங்கேதான் புரிந்தது. அறுப்புக்குப் பத்து நாள் முன்னால், ஈரம் இருக்கும்போதே, பயிருக்குள் உளுந்து தெளிப்போம். ஆடுதுறை 3 என்ற உளுந்து ரகம் தெளித்திருந்தேன். வண்டி ஏறி நசுங்கியது போக மீதி முளைத்து இரண்டு இலை விட்டிருந்ததைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். நெல்லும் உளுந்தும் ஒரே வயலில் கைமாறுகிற அந்தப் பத்து நாளை அவள் புத்தகத்தில் படித்திருக்கிறாள். பார்த்தது அப்போதுதான்.

அப்புறம் கொள்முதல் நிலையம். எங்களுக்கு முன்னால் நிறையப் பேர் நெல்லைக் கொட்டி வைத்திருந்தார்கள். 17 சதவீதம் ஈரப்பதம் வரைக்கும்தான் எடுப்பார்கள். அந்த மழைக்குப் பிறகு 22 வரைக்கும் தளர்த்தச் சொல்லி டெல்டா முழுக்கக் கேட்டோம். மத்தியக் குழு வந்து பார்த்துவிட்டும் போனது. என் நெல்லைக் கையில் அள்ளி மீட்டரில் வைத்தபோது 19க்கு மேல் காட்டியது. காயவைத்தோம். காலையில் விரித்து, நாள் முழுக்கக் காலால் கிளறிவிட்டு, பனி இறங்கும் முன் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூட வேண்டும். அவளுக்குக் காலெல்லாம் சுணை அரித்தது. இரண்டு ராத்திரி நெல் குவியலுக்குப் பக்கத்தில் சாக்கு விரித்து இருவரும் படுத்தோம். மூன்றாம் நாள் மீட்டர் 16.8 காட்டியது. 40 கிலோ சிப்பம் சிப்பமாக எடை போட்டு முடிக்க மாலையாகிவிட்டது. அந்தப் பருவத்துக்குச் சாதாரண ரகம் குவிண்டால் 2,405 ரூபாய். ஏக்கருக்கு 60 கிலோ மூட்டையில் 27 மூட்டை வந்தது. நல்ல வருடத்தில் 35 எடுப்பேன். அவள் தன் பழைய நோட்டை எடுத்து, காலியாக விட்டிருந்த வரவுப் பக்கத்தில் 38,961 என்று எழுதினாள். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இந்த மூணு நாளு தெரியாம நான் பாஸ் ஆகியிருப்பேனுங்கம்மா" என்றாள்.

நான் கேட்பது இதுதான். பிள்ளைகள் எந்த மாதம் வந்தாலும் பயிரின் ஒரு துண்டைத்தான் பார்க்கிறார்கள். நடவுக்கு வந்தவள் அறுப்பைப் பார்ப்பதில்லை. அறுப்புக்கு வருகிறவன் மடைக்குக் காவல் கிடந்த ராத்திரியைப் பார்ப்பதில்லை. இதே பிள்ளைகள்தான் நாளைக்கு வேளாண்மை அலுவலராகவும், வங்கியில் பயிர்க்கடன் பார்க்கிறவராகவும், உரக் கம்பெனி ஆளாகவும் எங்கள் முன்னால் வந்து நிற்கப்போகிறவர்கள். எனக்குக் கடன் கொடுக்கலாமா என்று தீர்மானிக்கிறவர் ஒரு தடவையாவது நெல் குவியல் பக்கத்தில் படுத்திருக்க வேண்டும் என்று நான் ஆசைப்படுவது பெரிய ஆசையா?

பணம் இல்லாமல் இல்லை. அவள் இங்கே இருந்தபோதுதான், 2024 அக்டோபர் 3ஆம் தேதி, பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம் என்று ஒன்று தொடங்கியது. போனில் எனக்குப் படித்துக் காட்டினாள். நாட்டின் 500 பெரிய நிறுவனங்களில் இளைஞர்களுக்கு ஒரு வருடப் பயிற்சி. மாதம் 5,000 ரூபாய். அதில் 4,500 அரசாங்கம், 500 நிறுவனம். சேரும்போது ஒரு தடவை 6,000. ஐந்து வருடத்தில் ஒரு கோடிப் பேருக்கு என்று இலக்கு. நல்ல திட்டம், பிள்ளைகளுக்கு நல்லது நடக்கட்டும். ஆனால் எங்கள் மாதிரி சின்ன வயலுக்கும் அப்படி ஒன்று வேண்டும். அக்ரி படித்து முடித்த பிள்ளை ஒரு வருடம் எங்களோடு இருக்கட்டும். குறுவை, சம்பா, கோடை உளுந்து என்று ஒரு முழுச் சுற்று. அந்த 4,500ஐ அரசாங்கம் அந்தப் பிள்ளைக்குக் கொடுக்கட்டும். சொல்லிக் கொடுக்கிற விவசாயிக்கும், கிட்டிக்காரருக்கும்கூட, ஒரு தொகை வைக்கட்டும். அட்மா என்கிற வேளாண் தொழில்நுட்ப மேலாண்மை முகமைத் திட்டத்தில் பண்ணைப் பள்ளி என்று விவசாயி வயலிலேயே பாடம் நடத்த வழி இருக்கிறது. விவசாயியும் வாத்தியார்தான் என்று அரசாங்கம் ஒத்துக்கொண்ட இடம் அது. அதிலிருந்தே தொடங்கலாம்.

தங்க இடம்தான் சிக்கல் என்பார்கள். பெண் பிள்ளைகளை ஒரு வருடம் எங்கே வைப்பது என்ற பயம் நியாயமானது. என் வீட்டில் ஒரு அறை இருக்கிறது. உர மூட்டை அடுக்கி வைத்திருக்கிறேன், காலி செய்தால் போதும். எங்கள் ஊரிலேயே இப்படி நாலு வீடு சொல்வேன்.

இதையெல்லாம் உதவி வேளாண்மை அலுவலரிடம் சொன்னபோது அவர் மறுக்கவில்லை. மனுவாக எழுதி விவசாயிகள் குறைதீர் நாள் கூட்டத்தில் கொடுங்கள், நானும் மேலே சொல்கிறேன் என்றார். இரண்டு பக்கம் எழுதி, சரியாக இருக்கிறதா பார் என்று பாப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவள் இப்போது கோயம்புத்தூரில் வேலையில் இருக்கிறாள். ராத்திரி பத்து மணிக்குத் திருத்தி அனுப்பினாள். மொத்தம் ஒரே ஒரு திருத்தம். 'நாற்றங்கால் முதல் அறுப்பு வரை' என்று நான் எழுதியிருந்தேன். அறுப்பு வரை என்பதை எடுத்துவிட்டு, 'விவசாயியின் வங்கிக் கணக்கில் பணம் ஏறும் வரை' என்று போட்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை திருவாரூர் போகிறேன்.